கண்ணாடி உடையவில்லை

சான் மிகெல்,
செப்டம்பர் 4, 1997

அன்செல்மோ,

நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. சூரிய முகம் அடிக்கிற அச்சு எங்கே இருக்கிறது? பெரியது, மூக்கு கொஞ்சம் கோணலாக இருக்குமே, அது. பட்டறை முழுக்கத் தேடிவிட்டேன். சின்ன அச்சுகள் எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை.

ஜூலையில் பட்டறையைத் திறந்தேன். நீ தகரம் வெட்டுவாய், அவர் ஈயம் வைத்துப் பற்றவைப்பார், நான் வண்ணம் அடிப்பேன். இப்போது மூன்றும் நான்தான். வெட்டுவது வந்துவிட்டது. ஈயம் இன்னும் கட்டி கட்டியாக விழுகிறது. நவம்பரில் இறந்தவர் நாளுக்குத் தகர மாடங்களும் மெழுகுவத்தித் தாங்கிகளும் கேட்டிருக்கிறார்கள். சூரியனும் கேட்கிறார்கள்.

ஊரில் எல்லாரும் "கிரிஸ்பினுக்கு நடந்தது" என்று இழுத்துப் பேசுகிறார்கள். என்ன நடந்தது? நீ ஓட்டின வண்டி கவிழ்ந்தது, என் புருஷன் செத்துப்போனார். இதோ, எழுதிவிட்டேன்.

நான் அழவில்லை என்பது தெருவில் பெரிய பேச்சு. எதிர்வீட்டு எல்விரா வந்தாள். "அழுதுடுடி, உள்ளேயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாது"ன்னு சொல்லி ஒரு கூடை வெங்காயத்தை என் முன்னால் வைத்தாள். நறுக்கிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குத் திருப்தி, எழுந்து போய்விட்டாள்.

என் மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார், முன்னறையில். உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. குழந்தை அம்பாரோ நான்காம் வகுப்புக்குப் போகிறாள்.

அச்சு எங்கே என்று மட்டும் எழுது.

ஒதிலியா


சிறை,
செப்டம்பர் 15

அக்கா,

கவரில் உன் எழுத்தைப் பார்த்தேன். பிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டு கழுவி, மத்தியான எண்ணிக்கை முடிந்த பிறகுதான் பிரித்தேன்.

அச்சு, ஓடாத அந்தத் தையல் மிஷினுக்குள் இருக்கிறது. மேல்பலகையைத் தூக்கிப் பார். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். அடிக்கும்போது கீழே மரம் வைக்காதே, ஈயப் பலகை வை. மரம் வைத்தால் மூக்கு இன்னும் கோணிக்கொள்ளும். ஒரே அடியாக அடிக்கவும் கூடாது. நெற்றியில் ஆரம்பித்துச் சுற்றி வந்து கடைசியில் கன்னம்.

ஈயம் கட்டி கட்டியாக விழுகிறது என்றால் இரும்பு போதுமான சூடு ஆகவில்லை. அத்தான் இரும்பைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார், நீ அப்படிச் செய்யாதே. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார், உருண்டு ஓட வேண்டும்.

இங்கே தகரமும் கத்திரியும் தொடவிடமாட்டார்கள், நியாயம்தான். பிளாஸ்டிக் கயிற்றில் சந்தைப் பை பின்னுகிறேன். என் அறையில் சல்வாத்தியேரா ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். குறட்டை விடுவார், நல்ல மனுஷன்.

ஒரு விஷயம். அரசாங்கம் எனக்கு வைத்த வக்கீல் இங்கே வந்தார். இளைஞர், ஷூவெல்லாம் பளபளவென்று இருந்தது. "செத்தவரோட மனைவியும் அம்மாவும் நீதிபதி முன்னாடி வந்து, எங்களுக்குக் குறை இல்லைன்னு சொன்னா உங்கள வெளிய விட்டுடலாம்" என்றார். வேண்டாம், என் அக்காவிடம் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் அவர் வருவார், அப்படிப்பட்ட முகம். வந்தால் கதவைத் திறக்காதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் எழுதவே இல்லை என்று நினைத்திருப்பாய். எழுதினேன், கிழித்தேன். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி அது சத்தம்தான் போட்டது, வேறொன்றும் இல்லை.

அன்செல்மோ


சான் மிகெல்,
அக்டோபர் 6

அன்செல்மோ,

அச்சு கிடைத்தது. சூரியன் சரியாக வருகிறது.

உன் வக்கீல் வந்தார். நான் பட்டறையில் இருந்தேன், கதவைத் திறந்தது மாமியார். யார் என்று தெரியாமல் உட்காரவைத்து, சோளக்கஞ்சி கொடுத்து, பாதி குடித்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். நான் உள்ளே வரும்போது அவருடைய குரல் தெருவுக்கே கேட்டது.

"குறை இல்லைன்னு சொல்லணுமா? எம்மகன பெட்டியில வச்சுக் கொண்டாந்தாங்க, மூடின பெட்டி. தொறந்துகூடக் காட்டல. கஞ்சிய வச்சிட்டு எந்திரிய்யா!"

வக்கீல் எழுந்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். மாமியார் பின்னாலேயே போய் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்மகனுக்கு நீ பெண்டாட்டி. அவனக் கொன்னவனுக்கு நீ அக்கா. நான் யார் வீட்டுலடி ஒக்காந்து துக்கம் கொண்டாடுறது?"

அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துகொண்டிருந்தது, போய் இறக்கினேன்.

இன்னொன்று. போலீஸ் நிலையத்திலிருந்து அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வண்டியில் செலாயா ஓட்டலுக்குக் கொண்டுபோன பெரிய கண்ணாடி. சுற்றிலும் அவர் பற்றவைத்த முந்நூறு தகர இலைகளில் நாலைந்துதான் நசுங்கியிருந்தன. கண்ணாடி உடையவே இல்லை. ஓட்டல்காரர் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கேட்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இலைகளை நிமிர்த்திக் கொடுத்தனுப்பிவிட்டேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை அதில் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசியாக அவர் என்ன சொன்னார்? நீ மட்டும்தான் பக்கத்தில் இருந்தாய். நல்லதாக இருக்க வேண்டும் என்று எதையும் இட்டுக்கட்டாதே.

ஒதிலியா


சிறை,
அக்டோபர் 17

அக்கா,

நீ கேட்டதற்கு நான்கு நாளாக யோசித்தேன். எதையும் இட்டுக்கட்டவில்லை.

புனித வாரம், சாலையில் நல்ல கூட்டம். வழியில் ஒரு கடையில் ஆட்டுக்கறி சாப்பிட்டோம். நான் இரண்டு பீர் குடித்தேன், அத்தான் ஒன்று. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், நீதிபதியிடமும் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது கண்ணாடியைக் கட்டியிருந்த கயிறு ஒன்று அறுந்திருந்தது. அத்தான் பார்த்தார். சாவியை என்னிடம் போட்டுவிட்டு, "நீ ஓட்டு. நான் பின்னாடி ஒக்காந்து இதப் புடிச்சுக்கறேன்" என்று வண்டியின் திறந்த பின்தட்டில் ஏறிக்கொண்டார். போர்வையை மடித்துக் கண்ணாடிக்கு அடியில் கொடுத்தார். தனக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் வண்டிக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "வேகத்தடையில மெதுவாப் போடா" என்றார்.

அதுதான் கடைசி. அதற்குமேல் ஏதாவது இருக்குமா என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. வேகத்தடையில் மெதுவாகத்தான் போனேன். வளைவில்தான் போகவில்லை.

கவிழ்ந்த பிறகு நான் எழுந்து போய்ப் பார்த்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. கஷ்டப்படவும் இல்லை. இதையும் நல்லதாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை.

உன் பெயரையோ அம்பாரோ பெயரையோ அவர் சொன்னார் என்று எழுத ஆசையாக இருந்தது. எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அன்செல்மோ


சான் மிகெல்,
நவம்பர் 4

அன்செல்மோ,

வேகத்தடையில் மெதுவாகப் போ. சரி. அவர் அப்படித்தான் சொல்வார். உன் கடிதத்தை நம்புகிறேன்.

இறந்தவர் நாள் வந்து போனது. பட்டறையில் செய்ததெல்லாம் விற்றுவிட்டது, எங்கள் பலிபீடத்துக்கு வைக்க ஒரு மெழுகுவத்தித் தாங்கிகூட மிச்சமில்லை. மாமியார் பாட்டில்களில் மெழுகுவத்தி செருகினார். துலுக்கச் சாமந்தி வாங்கிவந்து இதழ் பிய்த்து வாசலிலிருந்து முன்னறை வரை தூவினார். மோலே குழம்பு, சோளரொட்டி, சர்க்கரை மண்டையோடு, அவர் பிடிக்கும் சிகரெட், எல்லாம் வைத்தோம்.

அம்பாரோ படங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, மாமா படத்தையும் வைக்கணுமா?"

"உங்க மாமா உயிரோட இருக்காரும்மா" என்றேன்.

"அப்ப ஏன் அவரப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க? செத்தவங்களப் பத்தியே இவ்வளவு பேசுறோம்."

மாமியார் இதழ் தூவுவதை நிறுத்தவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கல்லறைக்குப் போனோம். எல்லாரும் வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து பாடவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லைப் பார்த்தேன். சிமெண்டு ஓரத்தைக் கொத்தனார் சரியாக முடிக்காமல் விட்டிருக்கிறான். அதுதான் மனதில் ஓடியது. வந்து இதை எழுதும்போதும் அதுதான் ஓடுகிறது. நான் மரத்துப்போய்விட்டேனா, முதலிலிருந்தே இப்படித்தானா, தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

டிசம்பர் முதல் வாரம் நீதிபதி முன்னால் வரச்சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் மாமியாருக்கும். "நீ போனா நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப மாட்டேன்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

ஒதிலியா


சிறை,
நவம்பர் 12

அக்கா,

போகாதே.

நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். போனால் உன் மாமியார் செல்சா அம்மா வீட்டை விட்டுப் போய்விடுவார். அம்பாரோவுக்கு அப்பாவும் இல்லை, பாட்டியும் இல்லை என்றாகும். எனக்காக அதைச் செய்யாதே. சில வருஷம்தான், இருந்துவிட்டுப் போகிறேன். இங்கே யாரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பதில்லை. சாப்பாடு வருகிறது, எண்ணுகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள். எனக்கு இது போதும். சொல்லப்போனால் அமைதியாக இருக்கிறது.

சல்வாத்தியேராக்காரர் போன வாரம் விடுதலையாகிவிட்டார். குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை, அது ஒன்றுதான் குறை.

நீ முதலிலிருந்தே இப்படி இல்லை. சின்ன வயதில் நாய்க்குட்டி செத்ததற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவள் நீ.

அன்செல்மோ


சான் மிகெல்,
நவம்பர் 19

அன்செல்மோ,

அமைதியாக இருக்கிறதா உனக்கு?

நான் காலையில் எழுந்து தகரம் வெட்டி, ஈயம் வைத்து, வண்ணம் அடித்து, குழந்தைக்குச் சோறு போட்டு, கிழவியின் ஏச்சை வாங்கிக்கொண்டு படுக்கிறேன். என் கையைப் பார், எட்டு இடத்தில் ஆசிட் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்து பை பின்னிக்கொண்டு, எனக்கு இது போதும் என்கிறாய்.

என்னைக் கேட்காமல் என் புருஷனைக் கொண்டுபோனாய். இப்போது என்னைக் கேட்காமல் என் தம்பியையும் கொண்டுபோகப் பார்க்கிறாய். போகலாமா வேண்டாமா என்று நான் தீர்மானிக்கிறேன். நீ வாயை மூடு.

இதை எழுதும்போது உடம்பெல்லாம் சுடுகிறது. அவர் போன பிறகு இதுதான் முதல் தடவை.

ஒதிலியா


சான் மிகெல்,
டிசம்பர் 6

அன்செல்மோ,

அன்றைக்கு உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிவரவில்லை. வக்கீல் வந்து சொல்லியிருப்பார், ஆனால் பாதியை முழுங்கியிருப்பார். நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் நான் கிளம்பி வாசலுக்கு வந்தேன். மாமியார் கறுப்பு உடையும் கறுப்புச் சால்வையுமாகக் கைப்பையோடு நின்றார். தங்கை வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

"நட" என்றார்.

"எங்கே வர்றீங்க?"

"நீ மட்டும் போனா, அங்க என்ன சொன்னேன்னு நான் யாரக் கேக்கறது?"

பஸ்ஸில் ஆரஞ்சு உரித்துப் பாதி கொடுத்தார்.

நீதிபதி ஒரு பெண்மணி. சளி பிடித்திருந்தது, பேச்சுக்கு நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு உங்க தம்பிமேல குறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. என் கையைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"குறை இருக்குங்க. ஆனா அதத் தீக்கறது உங்களால ஆகாது. அவன விட்டுடுங்க" என்றேன்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமியாரைக் கேட்டார். மாமியார் எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சரின்னு என் வாய் சொல்லாது. வேணாம்னும் சொல்லாது. அப்படியே எழுதிக்குங்க."

எழுதுகிறவர் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி "அப்படியே எழுதுங்க" என்றார்.

கிறிஸ்துமஸுக்குள் விட்டுவிடுவார்கள் என்கிறார் வக்கீல். சிறை வாசலுக்கு நான் வரமாட்டேன், பஸ் பிடித்து வா. பட்டறைப் பின்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். மாமியார் சாப்பிட்டு எழுந்த பிறகு நீ சாப்பிடு. அவர் எதிரில் கொஞ்ச நாள் நிற்காதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டும் வராதே. வா, அவ்வளவுதான்.

ஒதிலியா


செலாயா,
ஜனவரி 14, 1998

அக்கா,

நான் எங்கே என்று தேடியிருப்பாய். தேடாமலும் இருந்திருப்பாய். செலாயாவில் இருக்கிறேன்.

விடுதலையான அன்றே பஸ் ஏறினேன். சான் மிகெல் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கோழிக்கூண்டு வைத்திருந்த ஒருவர்தான் கடைசி, அவரும் இறங்கிவிட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் வலிக்கவில்லை, பயமும் இல்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, எறங்கலையா?" என்றார். "தப்பான பஸ்ஸுல ஏறிட்டேன்" என்றேன். "அப்ப இன்னொரு டிக்கெட் எடு" என்றார். எடுத்தேன்.

இங்கே பல்தசார் என்பவர் கடையில் வேலை. நசுங்கிய கார்களை நிமிர்த்தும் கடை. இதுவும் தகரவேலைதான், வாசலில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கிறது. பின்பக்கமிருந்து தட்டி, பட்டி மாவு பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் எங்கே நசுங்கியது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. யார் ஓட்டினார், உள்ளே யார் இருந்தார் என்று நான் கேட்பதில்லை.

நீ கோர்ட்டில் சொன்னதையும் செல்சா அம்மா சொன்னதையும் தினமும் நினைக்கிறேன். அதற்கு இதுதானா பதில் என்று கேட்பாய். என்னிடம் வேறு பதில் இல்லை.

அன்செல்மோ


சான் மிகெல்,
ஜனவரி 23

அன்செல்மோ,

உன் கடிதம் வந்தது. "எங்க இருக்கான்? எங்க இருக்கான்?" என்று மாமியார் விடாமல் கேட்டார். அதனால் அவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இடம் வந்ததும், "அத இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் கவரை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் இனி எழுத மாட்டேன். எழுத என்ன இருக்கிறது? கட்டிலை இன்னும் மடக்கவில்லை. மடக்க நேரமில்லாததால்தான்.

ஒதிலியா


செலாயா,
பிப்ரவரி 3

அக்கா,

நீ இன்று காலையிலிருந்து செல்சா அம்மாவைத் தேடிக்கொண்டிருப்பாய். அவர் இங்கே இருக்கிறார்.

நான் ஒரு கார்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கறுப்புச் சால்வை, கையில் என் கடிதத்தின் கவர். பஸ் நிலையத்திலிருந்து அதை ஒவ்வொருவரிடமும் காட்டிக் காட்டி வந்திருக்கிறார். பல்தசார் வாடிக்கையாளர் என்று நினைத்து, "வண்டி எங்கம்மா?" என்றார்.

"என் வண்டி போயிருச்சு. இவனத்தான் பாக்க வந்தேன்."

என் கையில் சுத்தியல் இருந்தது, கீழே வைத்தேன். அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். விரலால் தடவினார்.

"இங்கதான் நசுங்கியிருந்துச்சா?"

"ஆமாம்மா."

"தெரியல" என்றார்.

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியும் சொல்லல, வேணாம்னும் சொல்லல நான். அதுக்காக நீ வரவும் மாட்டே, போகவும் மாட்டேன்னு நடுவுல ஒக்காந்துக்குவியா? அந்தப் புள்ள கிறிஸ்துமஸ்லேர்ந்து தெனம் ஒனக்கொரு தட்டு வைக்கிறா. மாமா லேட்டா வருவார்னு. அவ அம்மா அத எடுக்க மாட்டேங்கறா. சாப்பிடாத தட்ட நாந்தான் எடுக்கறேன், நாந்தான் கழுவறேன். எம்மகனக் கொன்னவன் தட்ட நான் எதுக்குடா கழுவணும்? வந்து நீயே கழுவு."

இதைச் சொல்ல அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பல்தசார் வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடிக்கிறார். பஸ்ஸில் அவர் முன்னால் உட்காருவாராம், நான் கடைசி வரிசையில் உட்கார வேண்டுமாம். சொல்லிவிட்டார். சான் மிகெல் வந்ததும் நான் இறங்கிய பிறகுதான் அவர் இறங்குவாராம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன், தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் எழுந்திருக்க வரவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. கையில் கிரீஸ் அப்பியிருக்கிறது, கழுவ வேண்டும். அவர் எழுந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறார்.

"எழுதினது போதும்டா, வண்டி வந்துரும்" என்கிறார்.

அன்செல்மோ